நிகழ்காலத்தைத் தொலைத்த வினைச்சொல்

பழைய ரோமில் மணச் சடங்கு எதுவும் செய்யாமல் ஒருத்தி ஒருவனோடு மனைவியாக ஓராண்டு இடைவிடாமல் வாழ்ந்துவிட்டால், அந்த ஓராண்டே அவளைச் சட்டப்படி அவன் கைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்படிச் சேர விரும்பாதவளுக்கும் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருந்தது. ஆண்டுக்கு மூன்று இரவு, தொடர்ந்தாற்போல், வேறு வீட்டில் தங்கிவிட்டு வந்தால் போதும். அதுவரை சேர்ந்த கணக்கு அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கி.மு. 450ஐ ஒட்டி எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இருந்ததாகச் சட்ட ஆசிரியர் காயுஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பதிந்துவைத்திருக்கிறார். அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. நிலமாக இருந்தால் ஈராண்டு, மற்றப் பொருளாக இருந்தால் ஓராண்டு, ஒருவன் வைத்து அனுபவித்துவிட்டால் அது அவனுடையது. மனைவியோ மண்ணோ, தொடர்ந்து கைவசம் இருந்ததால் வருகிற இந்த உரிமைக்கு ரோமானியர் வைத்த பெயர் ‘ஊசுஸ்’.

கரும்பலகையில் ‘யூஸ்ட் டு’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று இரவுகள் நினைவுக்கு வரும். ஆங்கிலப் பாடத்தில் அது அரைப்பக்க விஷயம். முன்பு செய்து இப்போது விட்டுவிட்டதைச் சொல்ல இதைப் போடு, பின்னால் வினையை மாற்றாமல் எழுது, அவ்வளவுதான் பாடம். ஆனால் அந்த இரண்டு சிறு சொற்களின் கொள்ளுத்தாத்தா ஒரு ரோமானிய நீதிமன்றச் சொல். அங்கிருந்து கிளம்பி, பிரான்ஸைக் கடந்து, இங்கிலாந்துக்குள் நுழைந்து, போன வழியில் தன் நிகழ்காலத்தையே தொலைத்துவிட்டு நிற்கிறது. சொற்கள் ஒலியை இழப்பதைப் பார்த்திருக்கிறேன், பொருளை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வினைச்சொல் ஒரு காலத்தையே இழந்து, அந்த இழப்பையே தன் பொருளாக்கிக்கொண்டதை இதனிடம்தான் பார்த்தேன்.

‘ஊசுஸ்’ என்பது ‘ஊட்டி’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த பெயர். பயன்படுத்து, கையாள், அனுபவி என்று அந்த வினைக்குப் பொருள். ஒன்றைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் அது வழக்கமாகிறது. கையாளுதலிலிருந்து வழக்கத்துக்குப் போகும் இந்தப் பாதையைத் தமிழன் யாரும் விளக்கிச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம்மிடம் ‘வழங்கு’ இருக்கிறது. ஒரு சொல் நாட்டில் வழங்குகிறது என்றால் புழக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதிலிருந்து வழக்கம், வழக்கு. ஊரார் பேசும் முறையும் வழக்கு, நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. டைபர் நதிக்கரையில் ‘ஊசுஸ்’ போன அதே வழியில் நம் சொல்லும் தானாகவே நடந்து போயிருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் போய் நிற்பதைக் காணும்போது, இது மொழியின் வேலையா, மனித மனத்தின் வேலையா என்று வியக்கத் தோன்றுகிறது.

காயுஸ் ஒன்றையும் சேர்த்தே எழுதினார். அந்த மூன்று இரவுச் சட்டம் தம் காலத்தில் இல்லை. கொஞ்சம் புதிய சட்டங்களால் நீக்கப்பட்டது, மிச்சம் கைக்கொள்வாரின்றி வழக்கொழிந்தது என்கிறார். வழக்கத்தால் உரிமை தந்த சட்டம் வழக்கம் விட்டுப்போனதால் மறைந்தது. பின்னாளில் இந்தச் சொல்லின் வழியில் வந்த பிள்ளைக்கு நேரவிருந்ததும் அதுதான்.

லத்தீன் உடைந்து பிரெஞ்சு ஆனபோது இந்த வினை ‘யூஸேர்’ என்ற வடிவம் பெற்றது. 1066இல் நார்மானியர் கடல் தாண்டி இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. பல தலைமுறை கழிந்து, 13ஆம் நூற்றாண்டு வாக்கில், ‘யூஸ்’ ஆங்கிலத்துக்குள் இறங்கியது. வந்த இடம் வெறும் இடமாக இல்லை. பயன்படுத்துவதற்கு ‘ப்ரூகன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் இருந்தது, வழக்கத்துக்கு ‘வுனியன்’ இருந்தது. வந்த சொல் இரண்டு பேர் வேலையையும் மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது.

இந்த ‘வுனியன்’ பற்றி ஒரு நிமிடம் நின்று பேசத் தோன்றுகிறது. அதற்குக் குடியிரு என்றும் பொருள், பழகு என்றும் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘வோனன்’ என்றால் குடியிருத்தல், ‘கெவோன்ட்’ என்றால் பழகிய. ஒரு செயலுக்குள் போய்க் குடியிருப்பதைத்தான் அந்த மக்கள் வழக்கம் என்று எண்ணியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் குடும்பத்தின் எச்சமாக ‘வோன்ட்’ என்ற சொல் பழைய பாணி எழுத்தில் எப்போதாவது தலைகாட்டும். அதன் நெருங்கிய உறவு ஒன்று மட்டும் தாய்மார் வாயில் நன்றாக வாழ்கிறது. பிள்ளைக்குப் பால்மறக்கடிப்பதை ஆங்கிலத்தில் ‘வீன்’ என்பார்கள். அடிப்பொருள், பழக்குவது. நாம் பிள்ளை மறப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் அது புதிதாகச் சோற்றுக்குப் பழகுவதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கசப்பு தடவிய மார்பின் முன்னால் அழுகிற அதே குழந்தைதான்.

பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால், 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும். மாடு முட்டினால் என்ன தண்டனை என்று சொல்கிற பகுதி. முன்பின் முட்டாத மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டைக் கல்லெறிந்து கொல்வதோடு சரி, உரிமையாளன் மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டி முட்டிப் பழகிய மாடு, அவனை எச்சரித்தும் அவன் கட்டிவைக்கவில்லை என்றால் அவன் உயிருக்கே கேடு. இது 29ஆம் வசனம். ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டைக் கொன்றுவிட்டால் உயிரோடிருக்கும் மாட்டை விற்றுப் பணத்தை இருவரும் பங்கிட வேண்டும். ஆனால் முட்டும் மாடு என்று தெரிந்திருந்தும் கட்டாமல் விட்டவன் மாட்டுக்கு மாடு ஈடு தர வேண்டும். இது 36ஆம் வசனம்.

எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் தொடர் ஒன்றுதான். நம் ஊரில் ‘அது முட்டுற மாடுங்க’ என்போமே, அந்த மாதிரி ஒரு சொல். பக்கத்தில் ‘நேற்று, முந்தாநாள் முதல்’ என்று காலம் காட்டும் இரண்டு சொற்கள். நேற்றும் முட்டியது, முந்தாநாளும் முட்டியது. வழக்கம் என்று நிலைநாட்ட அந்த மேய்ச்சல் சமூகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஒரே தொடரை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் 29ஆம் வசனத்தில் ‘வோன்ட்’ என்றும் 36ஆம் வசனத்தில் ‘யூஸ்ட் டு’ என்றும் எழுதினார்கள். இடையில் ஆறு வசனம். ஒன்று விடைபெறுகிற சொல், மற்றது வீட்டுக்காரனாகப் போகிற சொல். இரண்டையும் ஒரே கொம்பில் கட்டிவைத்த அந்தப் பக்கம் எனக்கு எந்த வரலாற்று இலக்கண நூலையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

அதே விவிலியத்தில் இன்னும் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனம். உம்மை நேசிப்பவர்களுக்கு நீர் வழக்கமாகக் காட்டும் இரக்கத்தை எனக்கும் காட்டும் என்ற வேண்டுதல். அங்கே கடவுளைப் பார்த்து ‘நீர் யூசெஸ்ட் டு’ என்று வருகிறது. நிகழ்காலம்! நீர் செய்துவருகிறீர், இன்றும் செய்கிறீர் என்ற பொருளில். இன்றைய ஆங்கிலேயர் காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கும். அன்று இந்த வினைக்கு நேற்றும் உண்டு, இன்றும் உண்டு. மில்டன் 1637இல் எழுதிய ‘லிசிடஸ்’ இரங்கற்பாவிலும் இதே நிகழ்கால ‘யூஸ்’, ‘பிறர் வழக்கமாகச் செய்வது போல’ என்ற பொருளில், ஓரிடத்தில் வருகிறது. அதற்குப் பிறகு அது தேய்ந்தது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நிகழ்கால வடிவம் ஏறக்குறைய இல்லாமலே போய், இறந்தகால வடிவம் மட்டும் தனியாக நின்றது.

ஏன் இப்படி ஆயிற்று? எனக்குச் சரியாகப் படுகிற விளக்கம் இது. ஆங்கிலத்தில் ‘அவர் காபி குடிக்கிறார்’ என்று எளிய நிகழ்காலத்தில் சொன்னால், அது இந்த நொடியில் கையில் டம்ளர் இருப்பதைச் சொல்லாது. காபி குடிக்கும் வழக்கமுள்ளவர் என்றே சொல்லும். இந்த நொடியைச் சொல்ல ‘குடித்துக்கொண்டிருக்கிறார்’ என்ற ‘இங்’ வடிவம் அந்த நூற்றாண்டுகளில்தான் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. எளிய நிகழ்காலமே வழக்கத்தை முழுதாகச் சுமக்கத் தொடங்கியபின், அதற்கென்று தனியாக ஒரு ‘யூஸ் டு’ எதற்கு? அதற்கு வேலை போயிற்று. இறந்தகாலத்தில் கதை வேறு. ‘அவர் காபி குடித்தார்’ என்றால் நேற்றுச் சாயங்காலம் ஒரு முறையா, இருபது வருஷம் தினமுமா? வடிவம் சொல்லாது. அங்கே உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. அதனால் ‘யூஸ்ட் டு’ பிழைத்தது.

இப்படித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. லத்தீனிலேயே ‘வழக்கமாகச் செய்’ என்பதற்கு ‘சொலேரே’ என்று வேறொரு வினை இருந்தது. அது ஸ்பானிய மொழியில் இன்றும் இரண்டு காலத்தோடும் நலமாக இருக்கிறது. ‘சுவேலோ’ என்றால் நான் வழக்கமாகச் செய்கிறேன், ‘சொலியா’ என்றால் வழக்கமாகச் செய்வேன், அந்தக் காலத்தில்.

நிகழ்காலம் போனதும் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் இந்த வினை வழக்கத்தை மட்டும் சொன்னது. அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறதா என்பது அதன் கவலையில்லை. முட்டிப் பழகிய மாடு இன்றும் முட்டும் மாடுதான். அதனால்தானே வழக்கே வந்தது! ஆனால் இன்று என்பதையே சொல்ல முடியாத வடிவம் மட்டும் மிஞ்சியபின், கேட்பவர் காதில் ‘இப்போது இல்லை’ என்பது தானாக விழத் தொடங்கியது. ‘அவர் யூஸ்ட் டு பாடினார்’ என்ற மாதிரி ஒரு வாக்கியம் வந்தால் அடுத்த கணமே, ஏன் நிறுத்தினார் என்று மனம் கேட்கிறது. கண்டிப்பான விதி இல்லை இது. ‘முன்பும் பாடுவார், இன்றும் பாடுகிறார்’ என்று ஒட்டுப்போட்டு அந்த ஐயத்தைத் துடைக்கலாம். ஆனால் துடைக்க வேண்டியிருக்கிறது என்பதே சொல்லில் எது படிந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. பயன்பாடு, வழக்கம், இழப்பு: ரோமிலிருந்து புறப்பட்டது வந்து சேர்ந்த மூன்றாம் ஊர் அது.

ஒலியிலும் அது குடும்பத்தைப் பிரிந்துவிட்டது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘கத்தியைப் பயன்படுத்தினேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அந்த ‘யூஸ்ட்’டின் நடுவில் தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வு விரலுக்குத் தட்டுப்படும். இப்போது வழக்கத்தைச் சொல்லும் ‘யூஸ்ட் டு’வைச் சொல்லுங்கள். அதிர்வு இல்லை, வெறும் காற்று சீறுகிறது. பின்னால் வரும் ‘டு’வின் வல்லொலி முன்னால் இருப்பதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நமக்கு இது புதிதல்ல. நல்லும் தமிழும் சேர்ந்தால் நற்றமிழ், பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. நாம் புணர்ச்சி என்று பெயரிட்டு, விதி எழுதி, எழுத்திலும் அதைக் காட்டினோம். ஆங்கிலம் வாயில் புணர்த்துவிட்டு ஏட்டில் பழையபடியே எழுதுகிறது. அதனால் அந்தச் சொல்லின் கடைசி ‘டி’ எழுத்து இருப்பது கண்ணுக்கு மட்டும் தெரியும், காதுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களே அந்த ‘டி’யை விட்டுவிட்டு எழுதுவது இதனால்தான். எதிர்மறையில் ‘டிட்’ வந்து இறந்தகாலத்தை எடுத்துக்கொள்வதால் அங்கே ‘டி’ இல்லாத ‘யூஸ் டு’வே சரி என்று ஆகி, குழப்பம் இரட்டிப்பானது. காதால் கேட்டு எழுதுகிற பிள்ளையை இதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வந்ததில்லை.

‘யூஸ்ட் டு’வுக்குக் கூடப்பிறந்த இன்னொன்றும் உண்டு: முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’ போட்டுச் சொல்வது. அதற்கு நம்மிடம் ‘பழகிப்போச்சு’ என்ற அருமையான சொல் இருப்பதால் அதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

வழக்கம் என்றால் அதைக் கைக்கொள்ள ஓர் உயிர் வேண்டும். மனிதருக்கு வழக்கம் உண்டு, மாட்டுக்கு உண்டு. மரத்துக்கு? ‘தெரு முனையில் ஓர் அரசமரம் இருந்தது, இப்போது இல்லை’ என்பதைச் சொல்ல ஆங்கிலம் இதே ‘யூஸ்ட் டு’வை எடுக்கிறது. நிற்பது மரத்தின் பழக்கமல்ல. அதற்கு நேற்றும் முந்தாநாளும் எண்ணிக்கை கிடையாது. அது நின்றது, அவ்வளவுதான். மனமோ முயற்சியோ இல்லாத ஒன்றைப் பற்றி இந்தச் சொல் பேசத் தொடங்கியபோது, அதன் உள்ளே இருந்த ‘பயன்படுத்து’ என்ற பழைய பொருள் முற்றிலும் கரைந்துபோய், அது இலக்கணம் ஆகிவிட்டது. நான் உயரமாக இருந்தேன் என்பதற்கும், இங்கே ஏரி இருந்தது என்பதற்கும், அவளை நேசித்தேன் என்பதற்கும் இன்று அது வரும்.

அங்கேதான் அதன் போட்டியாளன் ‘வுட்’ தோற்கிறது. ‘விரும்பு’ என்று பொருள்படும் ‘வில்லன்’ என்ற பழைய ஆங்கில வினையின் இறந்தகாலம் அது. ‘மாலையில் ஆற்றங்கரைக்குப் போவோம், மணலில் உட்காருவோம்’ என்று பழைய நாள்களை அடுக்கிச் சொல்ல ‘வுட்’ அழகாக வரும். கதை சொல்லத் தெரிந்த ஆங்கிலேயர் முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ வைத்து வாசலைத் திறந்துவிட்டு, பிறகு ‘வுட்’, ‘வுட்’ என்று நடப்பார்கள். ஆனால் அரசமரம் இருந்ததை ‘வுட்’ வைத்துச் சொல்ல முடியாது. செயலுக்கு அது வரும், நிலைக்கு வராது.

இதை முதன்முதலில் ஆங்கில நூலில் படித்தபோது நான் உடனே தமிழைத் திரும்பிப் பார்த்தேன். ‘சின்ன வயசுல நாங்க வைகையில குளிப்போம்.’ குளிப்போம் என்பது எதிர்கால வடிவம். நாளைக்குக் குளிப்பதையும் அதே வாயால்தான் சொல்கிறோம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய குளியலுக்கு எதிர்கால விகுதி! ஆங்கிலத்தின் ‘வுட்’டும் எதிர்காலத்தைச் சொல்லும் ‘வில்’லின் உடன்பிறப்புதான் என்று எண்ணியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நம்முடையது இன்னும் தாராளமானது. ‘வீட்டுக்குப் பின்னால ஒரு கிணறு இருக்கும். கோடையிலயும் கைக்கெட்டுற தூரத்துல தண்ணி கிடக்கும்.’ செயல், நிலை என்ற வேறுபாடு இல்லாமல் இரண்டையும் ஏந்திக்கொள்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் மூன்று காலத்துக்கும் பொதுவாக இயல்வதைச் ‘செய்யும்’ என்ற வடிவத்தால் சொல்ல வேண்டும் என்கிறது. மலை நிற்பதையும் ஆறு ஓடுவதையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நேற்று, இன்று, நாளை என்று துண்டு போடாமல் ஓடுவதற்கென்று தமிழ் ஒரு வடிவத்தை அன்றிலிருந்தே வைத்திருக்கிறது. கிணறு தூர்ந்து வீடு விலைபோன பிறகும் ‘தண்ணி கிடக்கும்’ என்று சொல்லும்போது அந்தத் தண்ணீர் வாக்கியத்துக்குள் வற்றாமல் கிடக்கிறது. ஆங்கில ‘யூஸ்ட் டு’ அதை வற்றவைத்துத்தான் நினைவுகூரும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் படும் பாட்டை மார்செல் ப்ரூஸ்டின் ஒற்றை வாக்கியத்தில் பார்க்கலாம். அவருடைய பிரெஞ்சு நாவலின் 1913இல் வந்த முதல் பாகம், நெடுங்காலம் இரவில் சீக்கிரமாகவே படுக்கைக்குப் போனதைச் சொல்லித் தொடங்குகிறது. 1922இல் ஸ்காட் மான்கிரீஃப் அதை ‘யூஸ்ட் டு’ போட்டு மொழிபெயர்த்தார். 1992இல் என்ரைட் திருத்திய பதிப்பில் அது ‘வுட்’ ஆனது. 2002இல் லிடியா டேவிஸ் இரண்டையும் விட்டுவிட்டு ‘போனேன்’ என்று வெறும் இறந்தகாலத்தை வைத்தார். எண்பது வருஷத்தில் மூன்று வினை. பிரெஞ்சில் வழக்கமாக நடந்ததைச் சொல்ல உதவும் ஓர் இறந்தகாலம் உண்டு. ப்ரூஸ்ட் அந்த முதல் வாக்கியத்தில் அதை எடுக்காமல், நடந்து முடிந்ததைச் சொல்லும் காலத்தை எடுத்தார் என்பதால்தான் இத்தனை தடுமாற்றம். எனக்கு டேவிஸின் தேர்வு பிடிக்கிறது. ‘யூஸ்ட் டு’ வைத்தால் முதல் வரியிலேயே இழப்பின் மணம் அடித்துவிடுகிறது. அந்த நாவல் இழந்ததை மீட்கப் புறப்பட்டது. வாசலிலேயே அழத் தேவையில்லை.

கப்பலேறி வெளியே போன இடங்களில் இந்தச் சொல் இன்னும் சுருங்கியது, சில இடங்களில் வேறாக மலர்ந்தது. அயர்லாந்தில் பலர் ‘டு’வையே கழற்றிவிட்டு ‘ஐ யூஸ்ட் கோ’ என்பார்கள். கயானாவின் கிரியோல் மொழியிலும் ஹவாயின் கிரியோல் மொழியிலும் அது ‘யூஸ்டு’ என்ற ஒரே துணுக்காகி, வினைக்கு முன்னால் நிற்கும் காலக் குறியாகிவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்ததுதான் எனக்கு மிகப் பெரிய வியப்பு. அங்கே பேச்சு ஆங்கிலத்தில் ‘அவள் யூஸ் டு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவாள்’ என்ற பாணியில் சொன்னால், இன்றும் போகிறாள் என்று பொருள்படும். நானூறு வருஷத்துக்கு முன் சங்கீதத்தில் இருந்த நிகழ்காலம்! அந்த வசனத்தைப் பார்த்து யாரும் கற்கவில்லை. பக்கத்தில் மலாயில் ‘பியாசா’ என்ற சொல் இருக்கிறது. வழக்கமான, பழகிய என்று பொருள். நாம் அப்பியாசம் என்று எடுத்துக்கொண்ட அதே வடமொழிச் சொல்தான் அங்கே போய் ‘பியாசா’ ஆயிற்று. அதற்கு நேற்று, இன்று என்ற வேலி கிடையாது. சீனமும் தமிழும் பேசுகிற அக்கம்பக்கத்தார் வாயிலும் வழக்கம் என்றால் வழக்கம்தான், முடிந்துபோனது என்ற நிழல் அதில் இல்லை. ஆங்கிலம் தொலைத்ததை அவர்கள் தங்கள் மொழியிலிருந்து எடுத்து மறுபடி பொருத்திவிட்டார்கள்.

நம் ஊரிலும் நாள்தோறும் அது நடக்கிறது. மதுரையில் நான் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பி.காம். படித்த ஒரு பெண் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் எழுதிக் கொண்டுவந்தாள். இரண்டாவது வரி, ‘மை கிராண்ட்மதர் யூஸ் டு செல் ஃப்ளவர்ஸ்’. கோயில் வாசலில் பூ விற்ற பாட்டி. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டேன்: “பாட்டி எப்பம்மா தவறினாங்க?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ சார், பாட்டி நல்லா இருக்காங்க. இந்தப் பூவே அவங்க கட்டுனதுதான் சார்.” பின்னலில் இருந்த மல்லிகைச் சரத்தைத் தொட்டுக்கொண்டாள். காம்பு நெருக்கிக் கட்டிய சரம். மாலை ஆறு மணிக்கு அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது.

அவள் எழுதியதில் தவறு என்று எனக்குப் படவில்லை. ‘எங்க பாட்டி பூ விக்கிறது வழக்கம்’ என்ற தமிழை அப்படியே மனதார எழுதியிருந்தாள். ஜேம்ஸ் மன்னர் காலத்து எழுத்தர் ஒருவர் படித்திருந்தால், எழுத்துகளைத் தவிர எதையும் திருத்தியிருக்க மாட்டார். பாட்டியைப் பிழைத்திருக்கவும் விட்டிருப்பார். காலம்தான் அந்தச் சொல்லுக்குள் ஒரு சாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“இது போயிட்டவங்களுக்கு, விட்டுட்ட பழக்கத்துக்கு எழுதுறது மாதிரி படும்மா. படிக்கிறவங்க பாட்டி இல்லன்னு நினைச்சுடுவாங்க” என்றேன். ‘யூஸ் டு’வை அடித்தேன். மிச்சம் நின்றது, ‘மை கிராண்ட்மதர் செல் ஃப்ளவர்ஸ்’.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப ‘வழக்கமா’ன்னு எங்க சார் வரும்? தினமும் விக்கிறாங்க சார். மழை பேஞ்சாலும் போவாங்க.”

“‘செல்’லுக்குப் பின்னால ஒரு ‘எஸ்’ போடு. அதுலதான் இருக்கு.”

பேனாவை வாங்கி, இரண்டு சொற்களுக்கு நடுவில் இருந்த சிறிய இடத்தில் அந்த ஒரு எழுத்தை நெருக்கிப் போட்டாள்.